நத்தை அரசியும் கண்ணாடி அலமாரியும்

அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் நான் சொல்வதுதான் சட்டம்.

"என்னாங்க, அதுக்குள்ள வாய் கொப்புளிக்கிறீங்க? ரெண்டு நிமிஷம் தேய்க்கணும்" என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

மறுபடியும் தேய்த்தேன்.

குரலுக்குச் சொந்தக்காரி விசாலம். என் மனைவி. ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். நாற்காலியில் படுத்திருப்பவருக்குத் தெரியாமல் ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, கொஞ்சம் கூசும், அவ்வளவுதான்" என்று சிரிப்பது அவள் வேலை. பினாங்கில் எத்தனையோ பேர் அந்தச் சிரிப்பை நம்பி வாயைத் திறந்திருக்கிறார்கள். நான் அதை நம்பித் தாலியே கட்டினவன்.

என் முடிவுக்குக் காரணம் முந்தின நாள் என் பிறந்தநாள். விசாலம் ஒரு பெட்டியை நீட்டினாள். வண்ணத்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, அழகாக இருந்தது. உள்ளே ஒரு டேப்லெட்.

"எதுக்கு விசாலம் இதெல்லாம்?"

"உங்களுக்குத்தாங்க. உங்க விளையாட்டுப் புத்தகம் எல்லாம் இதுல இருக்கு. உங்க ஆபீஸ் தனுஜாகிட்ட கேட்டு ஒழுங்கா வாங்கி ஏத்தி வச்சிருக்கேன்."

"எல்லாமுமா?"

"அட்டைப் படம் உட்பட."

"அப்ப அலமாரில இருக்கறது?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள். சிரித்தாள். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் கூசும்."

இந்த இடத்தில் அலமாரியைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டின் ஹாலில் தேக்கு மரத்தில் ஒரு கண்ணாடி அலமாரி நிற்கிறது. அதில் என் உயிர் இருக்கிறது. உயிர் என்றால் தடித்தடியான அட்டை போட்ட விளையாட்டுப் புத்தகங்கள். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி ஒரு கதைக்குள் போகிற விளையாட்டு. ஒருவன் கள்ளன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் வாள்வீரன். சுரங்கம் இருக்கும், பொறி இருக்கும், பூதம் இருக்கும். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது கதை நடத்துகிறவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் புத்தகத்தை முன்னால் வைத்து, அதை மறைக்க ஓர் அட்டைத் தடுப்பும் வைத்துக்கொண்டு, கடவுள் மாதிரி உட்கார்ந்திருப்பான். எங்கள் கூட்டத்தில் அந்தக் கடவுள் நான். வாரம் முழுக்க ஷிப்பிங் ஆபீசில் நாச்சியப்பன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் கடவுள்.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா மட்டும் இன்னமும் நாங்கள் சூதாடுகிறோம் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார். பகடைச் சத்தம் கேட்டால் சாமி விளக்கேற்றுவார்.

விசாலத்துக்கும் ஓர் உயிர் இருந்தது. மங்கு டிபன் கேரியர்கள். இரும்பில் பீங்கான் பூச்சு ஏற்றி, பச்சை, நீலம், ரோஸ் என்று பூப்போட்ட அந்தக் காலத்து அடுக்குகள். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒவ்வொரு ஞாயிறு காலையும் தேடித் தேடிப் பிடித்தவை. அவை கட்டிலுக்கு அடியில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்தன. நான் கட்டிலில் புரண்டு படுத்தால் கீழே கணகணவென்று கோயில் மணி மாதிரி கேட்கும்.

"அதுங்க வெளிச்சத்தைப் பாத்து எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா?" என்றாள் விசாலம்.

"என் புத்தகம் எங்க போகும்?"

"அதான் டேப்லெட்டுக்குள்ள போயிடுச்சே."

எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்தாலும் அன்று ஒன்றும் பேசவில்லை. பிறந்தநாள் பாயசம் முன்னால் இருந்தது. மறுநாள் காலை பல்லை இரண்டு முறை தேய்த்துவிட்டு வந்து, ஹாலில் நின்று தொண்டையைச் செருமினேன்.

"விசாலம், இங்க வா. புத்தகம்னா என்னான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க, சொல்லுங்க." கையில் கோப்பியோடு உட்கார்ந்தாள். எனக்குக் கோப்பி இல்லை.

"புத்தகத்துக்குச் சார்ஜ் போட வேணாம்."

"ம்."

"பாஸ்வேர்ட் வேணாம். யார் வேணாலும், எப்ப வேணாலும் எடுத்துத் தொறந்து படிக்கலாம். ஒரு தடை கிடையாது."

"ம்."

"எல்லாத்துக்கும் மேல, அச்சுல ஏறினது ஏறினதுதான். மாறாது. உன் டேப்லெட்ட எடுத்துக்க. அப்டேட் அப்டேட்னு ராத்திரியோட ராத்திரியா மாத்திட்டுப் போயிடுவான். இன்னிக்கு இருக்கற கதவு நாளைக்கு இருக்காது. அதை நம்பி ஒரு மனுஷன் விளையாட முடியுமா?"

"நியாயம்லா" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டபோதே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. இன்னும் ஒரு படி ஏறினேன்.

"அதுவும் நான் புத்தகத்த எப்பிடிப் பாதுகாக்கிறேன்! இந்த ஊர் ஈரத்துக்கு ஒரு மழை போதும், பூசணம் பிடிச்சிரும். ஒரு புத்தகத்துலயாவது பூசணம் காட்டு பாப்போம்! மாசா மாசம் எல்லாத்தையும் வெளிய எடுத்து, பக்கம் பக்கமா துணியால தொடச்சு, நடுவுல கிராம்புப் பொட்டலம் வச்சு…"

"தொடைக்கிறது நானுங்க."

"மேற்பார்வை யாரு?"

"நீங்கதான். சோபாவுல படுத்துக்கிட்டு. 'பக்கம் பக்கமா தொட, ஒரு பக்கம் விடாத'ன்னு சொல்றது நீங்கதான்."

"அதான் விஷயம்!" என்றேன் வெற்றியோடு.

விசாலம் கோப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். "சரிங்க, சண்டை எதுக்கு? ஒரு பந்தயம் வச்சுக்கலாம். வர்ற ஞாயிறு நானும் உக்காந்து விளையாடறேன். நான் டேப்லெட் வச்சுக்கறேன். நீங்க புத்தகம் வச்சு நடத்துங்க. உங்க கதையில இருக்கற பெரிய பொருள் எதுவோ அத நான் எடுத்துட்டா அலமாரி எனக்கு. எடுக்கலைன்னா என் கேரியர் எல்லாம் கட்டிலுக்குக் கீழயே கிடக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்."

வாசகர்களே, என் மனைவி அதுவரை ஒரு தாயக்கட்டைகூட உருட்டினதில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உடனே ஒப்புக்கொண்டேன். அலமாரியில் இருப்பதிலேயே பொல்லாத புத்தகத்தை உருவினேன். 'நத்தை அரசியின் சுரங்கம்.' வாங்கி வெகுநாளாகியும் இன்னும் நடத்தவில்லை. படித்தபோதே எனக்கு வேர்த்த புத்தகம் அது. உள்ளே போனவர்கள் எலும்பாகத்தான் வெளியே வருவார்கள். சுரங்கத்தின் அடியில் நத்தை அரசியின் கிரீடம் இருக்கிறது.

"இதுலயிருந்து கிரீடத்த எடு பாப்போம்" என்றேன்.

"பாப்போங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். சுகுமாரன் மாக் மண்டின் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவன், பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வருவான், வரும்போதே பசியோடு வருவான். ஷேக் அலாவுதீன் அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எங்களில் மூத்தவர், ரொம்ப நியாயஸ்தர். ஒரு பகடை மேசையிலிருந்து உருண்டு விழுந்தால் அது செல்லுமா செல்லாதா என்று அரை மணி நேரம் விசாரணை வைப்பார். தனுஜா என் ஆபீசில் கணினிப் பிரிவில் இருக்கிற பெண். டேப்லெட் சதியில் அவளுக்கும் பங்கு இருந்ததால் அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பந்தயமா? அக்காவா?" என்று சுகுமாரன் வாயைப் பிளந்தான். "பாவம் அண்ணே, அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுலா. கொஞ்சம் சுலபமா நடத்துங்க."

"முடியாது" என்றேன். எழுந்து நின்றேன். "எல்லாரும் கேட்டுக்கங்க. புத்தகத்துல என்ன அச்சடிச்சிருக்கோ அதை அப்படியே நடத்துவேன். அவளுக்காகக் குறைக்கவும் மாட்டேன், கூட்டவும் மாட்டேன். ஒரு எழுத்து மாத்தினா ஷேக் அண்ணே, நீங்களே என்னை இந்த நாற்காலியை விட்டு எழுப்பிடுங்க."

"எழுதி வாங்கிக்கவா?" என்றார் ஷேக் அண்ணன்.

"வாய் வார்த்தை போதும்."

விசாலம் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, டேப்லெட்டோடு உட்கார்ந்தாள். நான் அதற்கும் தயாராக இருந்தேன். டிவிக்குப் பின்னால் போய் ஏதோ வயரைச் சரிசெய்கிற மாதிரி வைஃபை பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டேன். பல்லி மாதிரி சத்தமில்லாமல் திரும்பி வந்தேன்.

"அட, லைன் இல்லையே" என்றாள் விசாலம்.

"பாத்தியா? பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன்!" என்று நான் மேசையைத் தட்டினேன். "டிஜிட்டலாம் டிஜிட்டல்! லைன் போனா எல்லாம் போச்சு. என் புத்தகத்தப் பாரு, மின்சாரமே போனாலும் மெழுகுவர்த்தி வச்சுப் படிப்பேன்!"

"பரவால்லங்க" என்று டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். "ஒரு பகடை குடுங்க. நான் சும்மாவே விளையாடறேன்."

பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"உன் பாத்திரம் என்னா? வாள்வீரியா, மந்திரக்காரியா?"

"பல் வைத்தியச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறே வலித்தது. "சுரங்கத்துல பல் வைத்தியச்சிக்கு என்னா வேலை? எலும்புக்கூட்டுக்குப் பல் கட்டப் போறியா?"

"எனக்குத் தெரிஞ்ச தொழில் அதுதானேங்க" என்றாள் பாவமாக. "ஆயுதம் ஒரு நீளமான குச்சி. போதும்."

விளையாட்டு ஆரம்பித்தது. சுரங்க வாசல். இருட்டு. கல் பாவின தரை. நான் குரலைத் தாழ்த்தி, கண்ணை உருட்டி, பயங்கரமாக வர்ணித்தேன். சுகுமாரனின் வாள்வீரன் நேராக உள்ளே போகப் பார்த்தான்.

"தம்பி, இரு" என்றாள் விசாலம். "முதல்ல குச்சியால அந்தக் கறுப்புக் கல்ல தட்டிப் பாக்கறேன்."

கறுப்புக் கல்லில்தான் பொறி. கூரையிலிருந்து ஈட்டி பாய வேண்டியது. தட்டினதும் பாய்ந்தது, ஆளில்லாத இடத்தில் குத்தி நின்றது.

"அதிர்ஷ்டம்" என்றேன்.

அடுத்த அறையில் ஒரு தங்கக் கிண்ணம். தனுஜாவின் கள்ளி கையை நீட்டினாள். "வேணாம்மா, கழுவாத பாத்திரம் மாதிரி இருக்கு" என்று விசாலம் தடுத்தாள். கிண்ணத்தில் விஷம் தடவியிருந்தது. அப்புறம் ஒரு படிக்கட்டு. "நான் கைப்பிடியப் பிடிக்காம இறங்கறேன், எனக்கு அந்த மாதிரி கைப்பிடி பிடிக்காது" என்றாள். கைப்பிடி முழுக்கப் பாம்பு.

"என்னாண்ணே, அக்கா பொறந்ததே சுரங்கத்துலயா?" என்றான் சுகுமாரன்.

நான் டேப்லெட்டைப் பார்த்தேன். கவிழ்ந்தே கிடந்தது. அவள் கைபேசி சமையலறையில் சார்ஜில் இருந்தது. ஷேக் அண்ணனின் மூக்குக் கண்ணாடியில் ஏதாவது தெரிகிறதா என்றுகூடப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. விசாலம் முன்னால் சாய்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இருபது பக்கப் பகடையைக் கைக்குள் குலுக்கி ஊதினாள் பாருங்கள், எனக்கு ஒரு நிமிஷம் பந்தயமே மறந்துபோனது. இத்தனை வருஷம் இவளை ஏன் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை என்று தோன்றியது. மனசுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் தேரை வரும்வரைதான் நீடித்தது.

ராட்சதத் தேரை. வீடு உயரம். நத்தை அரசியின் காவலாளி. அதைத் தாண்டினவன் யாருமில்லை. நான் நாற்காலி மேல் ஏறி நின்று உறுமிக் காட்டினேன். பக்கத்து வீட்டில் லெட்சுமி அக்கா மணி அடித்துச் சாமி கும்பிடும் சத்தம் கேட்டது.

"வாளை உருவறேன்!" என்றான் சுகுமாரன்.

"தீப்பந்தம் எறியறேன்!" என்றார் ஷேக் அண்ணன்.

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றாள் விசாலம். தேரையை, அதாவது என்னை, நிமிர்ந்து பார்த்தாள். "வாயைத் திறங்க."

"என்னாது?"

"தேரையைச் சொல்றேன். வாயைத் திறக்கச் சொல்லுங்க. கடைவாய்ப் பல்லுல முள்ளு குத்தியிருக்கும். அத எடுத்து விடறேன். ஒண்ணுமில்ல, கொஞ்சம் கூசும், அவ்வளவுதான்."

நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன். தடுப்புக்குப் பின்னால் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் அப்படியேதான் அச்சடித்திருந்தது. தேரையின் கடைவாயில் ஒரு முள். அதை எடுத்துவிடுகிறவருக்கு அது வழிவிடும். வேறு வழியே கிடையாது. அந்தப் பக்கத்தை எழுதினவன் எவனோ, அவனுக்குத் தேரைக்கு ஏன் பல் வைக்கத் தோன்றியதோ!

முள் வந்தது. தேரை வழிவிட்டது. இப்போது மூன்று கதவுகள். இரண்டில் மரணம். மூன்றாவதன் பின்னால் கிரீடம். அலமாரி என் கையை விட்டு நழுவுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"மூணாவது கதவு" என்றாள் விசாலம், யோசிக்காமல்.

எனக்கு நெற்றியில் வேர்த்தது. கடவுளுக்கும் ஒரு சமயம் வேர்க்கும் போலிருக்கிறது. "மூணாவது கதவத் தொறந்தா… அங்க… ஒரு எரிமலை" என்றேன்.

"சுரங்கத்துக்குள்ளயா?" என்றாள் தனுஜா.

"சின்ன எரிமலை."

விசாலம் ஷேக் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அவர் முன்னால இருக்கற பக்கத்தக் கொஞ்சம் பாருங்க. மூணு கதவு படம் போட்டிருக்கும். கீழ் ஓரத்துல செகப்பா ஒரு கறை இருக்கும். எரிமலை இல்ல அது. போன தீபாவளிக்கு அவர் சிந்தின மிளகாய்த் துவையல்."

ஷேக் அண்ணன் எழுந்து, தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என் தடுப்புக்குப் பின்னால் வந்து குனிந்தார். நிதானமாகப் படித்தார். கறையைக்கூட மோந்து பார்த்தார். "துவையல்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். "எரிமலை கிடையாது. கிரீடம் இருக்கு."

நான் குதித்தேன். "விசாலம்! நீ புத்தகத்தப் படிச்சிருக்க!"

"நான் எங்கங்க படிச்சேன்? தொடச்சேன்."

"தொடச்சா?"

"பக்கம் பக்கமா தொட, ஒரு பக்கம் விடாதன்னு மாசா மாசம் சொன்னது யாரு? கண்ண மூடிக்கிட்டா தொடைக்க முடியும்?"

"அது… அது மோசடி!"

"ஏங்க, யார் வேணாலும் எப்ப வேணாலும் தொறந்து படிக்கலாம், தடையே கிடையாதுன்னு சொன்னீங்களே."

"சொன்னீங்களாண்ணே?" என்றான் சுகுமாரன்.

"சொன்னேன்" என்றேன்.

"அச்சுல ஏறினது மாறாது, அதான் புத்தகத்தோட பெருமைன்னும் சொன்னீங்க. அதனாலதாங்க எனக்கு ரொம்ப வசதியாப் போச்சு." பணியாரத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "சாப்பிடுங்க, முகம் வாடியிருக்கு."

ஷேக் அண்ணன் என் நாற்காலியைத் தொட்டார். "தம்பி, ஒரு எழுத்து மாத்தினா எழுப்பிடச் சொன்னீங்க. எரிமலைக்கு எழுத்து நாலு."

எழுந்தேன்.

அன்று சாயங்காலமே டிபன் கேரியர்கள் அலமாரி ஏறின. மேல் தட்டு முழுக்க நீலமும் ரோஸும். உள்ளதைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தன. வெயில் பட்டதும் ஹாலே பூத்த மாதிரி இருந்தது. அவள் என் புத்தகங்களையும் வெளியே தள்ளவில்லை. கீழ்த் தட்டில் ஒழுங்காக அடுக்கி, புதுக் கிராம்புப் பொட்டலம் வைத்து, அலமாரியைப் பூட்டினாள். "சாவி அலமாரி உச்சியில நிக்கிற நீலக் கேரியருக்குப் பக்கத்துல இருக்கற டப்பாவுல இருக்கு, தொடாதீங்க" என்றாள். கட்டிலில் புரண்டு படுத்தால் இப்போது சத்தமே வருவதில்லை. நல்ல தூக்கம்.

ஆனால் கூட்டம் கெட்டுப்போயிற்று. மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அடுத்த கதையை அக்காதான் நடத்த வேண்டும். நான் வெறும் ஆட்டக்காரன்.

"சரி" என்றேன் கசப்போடு. "ஆனா ஒரு சட்டம் போடணும். இனிமே ஆட்டக்காரங்க யாரும் கதைப் புத்தகத்தத் தொறக்கவே கூடாது. தொறந்தது தெரிஞ்சா, ஒரு மாசம் எல்லா ஞாயித்துக்கிழமையும் அவங்கதான் தட்டு கழுவணும். ஆம்பளை, பொம்பளை பாகுபாடே கிடையாது!"

இதைச் சொல்லும்போது விசாலத்தையே முறைத்துப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். "நல்ல சட்டங்க. ரொம்ப நாளா இல்லாம இருந்துச்சு."

அடுத்த கதை நத்தை அரசியின் இரண்டாம் பாகம். அதே புத்தகத்தில் பின்பாதி. கடைசியாகப் படித்தது வாங்கின புதிதில். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. சனிக்கிழமை விசாலம் கிளினிக்குக்குப் போயிருந்தாள். வீட்டில் நான், அலமாரி, நீலக் கேரியருக்குப் பக்கத்தில் அந்த டப்பா. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் தவறு செய்யவில்லை, வாசகர்களே. பூசணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். துணியும் எடுத்துக்கொண்டேன். பக்கம் பக்கமாகத் துடைத்தேன். அரண்மனைக்கு இரண்டு படிக்கட்டு. வலதுபக்கம் போனால் முதலைக் குழி. இடதுபக்கம் போனால் நேராகப் பொக்கிஷ அறை. மனப்பாடம் செய்துகொண்டு, புத்தகத்தை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்துப் பூட்டி, சாவியை டப்பாவில் போட்டேன். கிராம்புப் பொட்டலத்தைக்கூட அதே கோணத்தில் திருப்பி வைத்தேன். விசாலம் வந்ததும் நானே கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

"என்னாங்க இன்னிக்கு?" என்றாள்.

"சும்மா. பாசம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தடுப்புக்குப் பின்னால் விசாலம் கடவுளாக உட்கார்ந்தாள். புத்தகம் அலமாரியில் பூட்டியபடியே இருந்தது. அவள் முன்னால் டேப்லெட்தான். வைஃபை நன்றாக வேலை செய்தது, நான் இந்த முறை அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கென்ன வந்தது? கல்லில் எழுதினாலும் கண்ணாடியில் எழுதினாலும் கதை அதே கதைதானே.

என் பாத்திரம் வஜ்ரபாகு. ஆறடி உயரம், பத்துப் பேர் பலம். விசாலம் அருமையாக நடத்தினாள். குரலை உயர்த்தவே இல்லை. நோயாளியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினாள், அதுவே பயமாக இருந்தது. சுகுமாரன் பணியாரத்தை மெல்லக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்ப ரெண்டு படிக்கட்டு தெரியுது" என்றாள். "ஒண்ணு வலதுபக்கம், ஒண்ணு இடதுபக்கம்."

"தட்டிப் பாக்கலாம்" என்றார் ஷேக் அண்ணன்.

"கயிறு கட்டி இறங்கலாம்" என்றாள் தனுஜா.

"தள்ளுங்க எல்லாரும்!" என்றேன். எழுந்து நின்று மார்பைத் தட்டினேன். "வஜ்ரபாகுவுக்குக் கயிறு எதுக்கு? இடதுபக்கம். கண்ண மூடிக்கிட்டு ஓடறேன்!"

"ஓடறீங்களா? நிச்சயமா?"

"தலைதெறிக்க ஓடறேன்."

விசாலம் டேப்லெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள்.

"ஒண்ணுமில்ல, கொஞ்சம் கூசும். முதலைக் குழில விழுந்துட்டீங்க. மூணு முதலை."

"எப்பிடி? இடதுபக்கம் குழியே இல்லையே! குழி வலதுபக்கம்தான! அதுவும் ஒரே ஒரு கெழட்டு முதலை, படத்துலகூட…"

பாதியில் நிறுத்தினேன். ஷேக் அண்ணன் பகடையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நீங்க சொன்னது சரிதாங்க" என்றாள் விசாலம் அன்பாக. "புத்தகத்துல வலதுபக்கம்தான். ஆனா இது டேப்லெட்டு. போன வாரம்தான் அப்டேட் வந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா கதவ மாத்திடுவாங்கன்னு நீங்கதான எச்சரிக்கை பண்ணீங்க?" டேப்லெட்டை மெதுவாக மூடினாள். "ஆமா, புத்தகத்துல ஒரே முதலை, அதுவும் கெழட்டு முதலைன்னு உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

நான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். சாவி இருக்கும் இடத்தை என்னிடம் அவ்வளவு விவரமாக ஏன் சொன்னாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"படிக்கல" என்றேன். "தொடச்சேன்."

"ரொம்ப சந்தோஷங்க" என்று விசாலம் துவையல் ஒட்டின தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் கையில் வைத்தாள். "இதையும் ஒண்ணு விடாம தொடச்சிடுங்க."